தச்சுப் பட்டறையும் குலக்கல்வி என்ற பழியும்

கையால் நாற்காலியும் கட்டிலும் அலமாரியும் செய்யும் தச்சுத் தொழிலை, ஓர் ஆசாரியின் பட்டறையில் சில ஆண்டுகள் கூடவே இருந்து கற்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் படித்த தமிழர்களிடையே ஒரு கருத்து கெட்டிப்பட்டிருக்கிறது. அது சாதித் தொழிலின் மிச்சம்; குலக்கல்வியின் இன்னொரு பெயர்; பையன்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கும் ஏற்பாடு; தானாக அழிந்தால் யாரும் வருந்த வேண்டியதில்லை என்பது அந்தக் கருத்து. தச்சு கற்க ஆசைப்படுகிறவருக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது, சில நாள் பயிற்சி முகாம்கள் இருக்கின்றன, அறுக்கவும் குடையவும் எந்திரங்கள் வந்துவிட்டன, பிறகு பட்டறை எதற்கு என்று கூடவே ஒரு கேள்வியும் வரும். இப்படிச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிறப்பு ஒருவரின் தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது என்ற, தமிழகம் நெடுங்காலம் போராடி நிலைநாட்டிய அறத்தின் பேரில்தான் சொல்கிறார்கள். அந்த அறத்தை முழுதாக ஏற்றுக்கொண்டே அவர்களை மறுக்க வேண்டியிருக்கிறது. பட்டறைக் கல்வியை நாம் கைகழுவியதால் தச்சுத் தொழிலை விட்டுச் சாதி வெளியேறிவிடவில்லை. தந்தையிடம் மகன் கற்பது இன்றும் நடக்கிறது. ஆசாரி வீட்டில் பிறக்காத ஒருவர் அத்தொழிலுக்குள் நுழைய இருந்திருக்கக்கூடிய வழிதான் அடைபட்டுப்போனது.

1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைவில் வைத்துத்தான் இந்த வாதம் எழுகிறது. கிராமத்துப் பிள்ளைகள் பாதி வேளை பள்ளியில் படிக்க வேண்டும், மீதி வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டு அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது முழுக்க முழுக்கச் சரி. அந்த எதிர்ப்பு தோற்றிருந்தால் பல இலட்சம் குடும்பங்களின் பிற்காலமே வேறாக இருந்திருக்கும். ஆனால் அத்திட்டத்தில் எது குற்றம் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையின் பள்ளி நேரத்தை அது பறித்தது. எந்தத் தொழில் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரவில்லை. கற்பிக்கும் திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தந்தையே ஆசிரியர் என்றது. எவ்வளவு கற்றார் என்று அளக்கும் வழியும் வைக்கவில்லை. சலவைத் தொழிலாளியின் பிள்ளை வெளுக்கவும், முடிதிருத்துவோரின் பிள்ளை முடிதிருத்தவும் போக வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். இத்தனை குற்றங்களிலும் மரத்தையும் உளியையும் சார்ந்த குற்றம் ஒன்றுகூட இல்லை. வயது வந்த ஒருவர், பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, தன் விருப்பத்தால், தனக்கு உறவில்லாத ஒரு தேர்ந்த தச்சரிடம், எழுதிய ஒப்பந்தத்தோடும் ஊதியத்தோடும் மூன்றாண்டு வேலை பழகினால், 1953இன் எந்தக் குற்றம் அங்கே மிஞ்சும்? இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. குலத்தின் மீதிருந்த நியாயமான கோபம் அப்படியே பட்டறையின் மீதும் படிந்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு எதிர்முகாமும் பொறுப்பு. கொழும்பில் பிறந்தவரும் தமிழ்த் தந்தையின் மகனுமான ஆனந்த குமாரசுவாமி, 1909இல் இந்தியக் கைவினைஞரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழிற்பள்ளி தர முடியாத கல்வியைப் பட்டறை தருகிறது என்று அவர் கண்டது உண்மை. அந்தக் கல்வியின் வேர் பரம்பரையில் இருக்கிறது என்று அவர் நம்பியதுதான் பிழை. தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற வரிசை அறுந்தால் கலையே அறும் என்று அவர் வழிவந்தவர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். பிறப்பும் பட்டறையும் பிரிக்க முடியாதவை என்று கருதி அவர்கள் இரண்டையும் போற்றினார்கள். அதையே கருதி நாம் இரண்டையும் தள்ளினோம். மாறுபட்ட முடிவுகளுக்கு வந்த இரு தரப்பாரும் ஒரே தவறான அடிப்படையில் நிற்கிறார்கள்.

பிறப்பையும் பட்டறையையும் பிரிக்க முடியும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வரலாறே இருக்கிறது. இன்று டென்மார்க்கில் உள்ள டோன்டர் என்னும் ஊரில் 1914இல் பிறந்த ஹான்ஸ் வெக்னர், செருப்புத் தைப்பவரின் மகன். நம் நாட்டில் அந்தப் பிறப்பு ஒரு மனிதனை எங்கே நிறுத்தியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் சிறுவயதிலேயே ஸ்டால்பெர்க் என்னும் தச்சரின் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தார். இருபது வயதை எட்டும் முன்னரே தேர்ந்த தச்சராக வெளிவந்தார். கோபன்ஹேகனில் வடிவமைப்புப் படித்தது அதற்குப் பிறகுதான். 1949இல் அவர் வடிவமைத்த வட்ட நாற்காலியை யொஹான்னஸ் ஹான்சனின் பட்டறை செய்தது. 1960இல் கென்னடியும் நிக்சனும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விவாதித்தபோது அரங்கில் போடப்பட்டிருந்தது அந்த நாற்காலிதான். வெக்னர் ஒற்றை ஆள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. பட்டறையில் பழகிய கைகளும் கல்லூரியில் பழகிய கண்களும் அங்கே இணைந்து வேலை செய்தன. டேனிஷ் நாற்காலி என்று இன்று உலகம் விலை கொடுத்து வாங்குவது அந்தக் கூட்டுழைப்பின் விளைவு. அங்கே பட்டறை, செருப்புத் தைப்பவரின் பிள்ளையைத் தன் தந்தையின் தொழிலிலிருந்து வெளியே கொண்டுவந்த வழியாக இருந்தது.

இன்னொருவரை நம் பக்கத்திலிருந்தே காட்டலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்தவர்கள் அதன் கட்டுமானத்தை மறந்திருக்க மாட்டார்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்துக்காக 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் தங்கி வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தபோது ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு அவரும் போனார். ஜப்பானிய மரபில் தேர்ந்த கெந்தாரோ ஹிகோகவா என்னும் தச்சரை அங்கேதான் சந்தித்தார். கைக்கருவிகளையும் மர இணைப்புகளையும் அவரிடம் உடனிருந்து கற்றார். அப்போது நகாஷிமாவுக்கு வயது 37. பிற்காலத்தில் அமெரிக்க மரவேலையின் பெரும்பெயர்களில் ஒன்றாக விளங்கியவர், இவ்வளவு படித்தபின்னும் அந்தத் தச்சரின் பக்கத்தில் நின்று கற்க வேண்டியிருந்தது. பட்டறைக் கல்விக்குப் பிஞ்சுவயதுப் பிள்ளைகள்தான் வேண்டும் என்ற அச்சத்துக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

சில நாள் பயிற்சியில் ஏன் இது வராது என்று கேட்பவர்கள் மரத்தை ஒரு மூலப்பொருளாக மட்டும் எண்ணுகிறார்கள். அறுத்துக் காயவைத்த பலகையும் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது, வறண்டால் சுருங்குகிறது. நீளவாட்டில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை, அகலவாட்டில் உண்டு. அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிடப் பொதுவாக இரு மடங்கு. இதனால்தான் கதவுச் சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் விடுகிறார்கள். மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு அசையாமல் இறுக்கினால் சில கோடைகளில் அது வெடிக்கும். இதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம், ஒரு மணி நேரத்தில் படித்தும் விடலாம். முன்னால் கிடக்கும் இந்தத் தேக்குப் பலகை எந்தப் பக்கம் குழியும், இந்த வேப்பம்பலகையில் நார் எங்கே திரும்புகிறது, எங்கே இழைப்புளியை மறுதிசையில் பிடிக்காவிட்டால் சிராய் பிய்ந்து வரும், கழுந்து துளைக்குள் எவ்வளவு இறுக்கமாக இறங்கினால் நிற்கும், எவ்வளவு இறுக்கினால் துளையையே பிளந்துவிடும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் வராது. ஒவ்வொரு பலகையும் வேறு என்பதால் ஒரு பலகையில் கற்றது அடுத்ததற்கு அப்படியே பொருந்துவதில்லை. நூற்றுக்கணக்கான பலகைகளைக் கையால் தொட்டு, பலவற்றைக் கெடுத்து, கெட்டது ஏன் என்று தெரிந்த ஒருவர் உடனிருந்து சொன்னால்தான் அந்தத் தீர்ப்புத்திறன் உருவாகிறது. அதற்கு ஆகும் காலத்தை முகாம் நடத்துபவர் குறைக்க முடியாது, மரம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

நீண்ட பயிற்சிக்கு எதிரான மிகப் பழைய வாதம் ஆடம் ஸ்மித்துடையது. 1563இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. 1776இல் வெளிவந்த தன் நூலில் ஸ்மித் அதைக் கடுமையாகத் தாக்கினார். சாதாரணத் தொழில்களின் நுட்பத்தைச் சில நாட்களில் விளக்கிவிடலாம், ஏழாண்டு என்பது போட்டியைத் தடுக்கச் சங்கங்கள் செய்யும் தந்திரம் என்றார். 1814இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. நம் முகாம்வாதிகளின் மூதாதை அவர்தான். ஆனால் அவர் அங்கேயே நிறுத்தவில்லை. கைத்திறன் நெடும்பழக்கம் இல்லாமல் வராது என்பதை அதே இடத்தில் ஒப்புக்கொண்டார். பயிலும் இளைஞனை முதல் நாளிலிருந்தே வேலையாளாக நடத்தி, அவன் செய்யும் சிறிய வேலைக்கு ஏற்பக் கூலி கொடுத்து, கெடுக்கும் பொருளுக்கு அவனையே ஈடு கொடுக்கச் செய்தால் கவனமும் வரும், சுரண்டலும் குறையும் என்று வழியும் சொன்னார். பொருளுக்கு ஈடு கேட்பது ஏழைப் பிள்ளைக்குக் கொடுமை என்பதால் அந்தப் பகுதியை நான் ஏற்கமாட்டேன். மற்றபடி அவர் முன்வைத்தது கூலியோடு கூடிய பட்டறைக் கல்வியைத்தான்.

சுரண்டல் என்ற குற்றச்சாட்டுக்கு நேராகவே வருவோம். பையன்களை ஆண்டுக்கணக்கில் உப்புத்தாள் தேய்க்கவும் டீ வாங்கவும் வைத்தார்கள், அடித்தார்கள், சாப்பாட்டோடு கணக்கை முடித்தார்கள் என்பதை மறுக்க எந்த நேர்மையும் இடம் கொடுக்காது. டீ வாங்கவைப்பது கல்வியாகாது. அடி என்றைக்கும் கல்வியாகாது. உப்புத்தாளை மட்டும் அந்த வரிசையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ஜீன் லேவ் என்னும் மானிடவியலாளர் லைபீரியாவில் தையற்காரர்களிடம் பயில்வோரை 1970களில் ஆராய்ந்தார். துணியை வெட்டுவதில் தொடங்கி பொத்தான் தைப்பதில் முடியும் வேலையை, பயிலுநர்கள் தலைகீழாகக் கற்பதை அவர் கண்டார். முதலில் பொத்தானும் ஓரமும், பிறகு தையல், கடைசியில்தான் வெட்டு. கடைசி வேலையில் தவறினால் நட்டம் குறைவு. முடிந்த பொருளை நாள்தோறும் கையில் பிடிப்பதால் முழு உருவமும் முதலிலேயே மனத்தில் பதிகிறது. தச்சுப் பட்டறையிலும் இதே ஒழுங்குதான். தேய்த்து மெருகு போடுகிறவரின் விரலுக்குத்தான் எந்த இணைப்பு சரியாக உட்காரவில்லை, எந்த இடத்தில் உளி தவறியது என்பது முதலில் தெரியும். பாடத்திட்டமாக எழுதப்படாததால் இதை வெறும் எடுபிடி வேலை என்கிறோம். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய அந்த நிலை மூன்று ஆண்டாக நீளும்போது அது சுரண்டல்தான். அந்த எல்லையைக் கறாராகக் கோடு போட்டுச் சொல்லச் சட்டம் வேண்டும்.

நம் சட்டமோ எதிர்த்திசையில் நிற்கிறது, என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மிகக் கொடுமையான பகுதி இதுதான். இந்தியாவில் தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 2019 திருத்த விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு பேர் முதல் விரும்பினால் சேர்க்கலாம். அதற்கும் கீழே இடமில்லை. கையால் மரச்சாமான் செய்யும் பட்டறை என்பது பெரும்பாலும் ஓர் ஆசாரியும் ஓரிரு கையாட்களும்தான். ஆக, இந்தத் தொழில் உண்மையில் உயிரோடிருக்கும் இடத்தில் சட்டப்படி ஒருவரைப் பயிலுநராக வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, முடித்ததற்குச் சான்றும் இல்லை. இதற்குப் பக்கத்தில் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலையில் வைக்கத் தடை விதிக்கும் அச்சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்குத் தருகிறது. தந்தையின் பட்டறையில் பிள்ளை உளி பிடிப்பதற்குச் சட்டத்தின் அனுமதி இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த, வேறு சாதியில் பிறந்த ஒருவர் அதே பட்டறையில் முறையாகப் பயிலுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. குலக்கல்வியை ஒழித்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில் நம் சட்டப்புத்தகம் தந்தையிடம் கற்பதை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அரசுத் திட்டங்களிலும் இதே ஓட்டைதான். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களைக் குடும்பவழித் தொழில்களாகவே வரையறுத்தது. அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள், மேற்பயிற்சி பதினைந்து நாள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கானது என்பதால் நாட்கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதியவர் வருவதற்கு அதில் வாசலே இல்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழக முதலமைச்சர் 2024 நவம்பரில் எழுதியது நியாயமான கடிதம். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்குச் சாதி வேறுபாடின்றி மூன்று இலட்சம் ரூபாய் வரை கடனும் மானியமும் தருகிறது. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அதில் சேரக் குறைந்தது 35 வயதாக வேண்டும். பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த வயது அது. அந்த 35 வயதுக்காரர் தொழிலை எங்கே, யாரிடம் கற்றிருப்பார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. கற்றுத் தேர்ந்தவருக்குப் பணம் தருகிறோம். கற்பதற்கு ஓர் இடம் தருவதில்லை. அப்படியானால் வீட்டில் கற்றவர்கள்தான் பெரும்பாலும் வந்து வரிசையில் நிற்பார்கள்.

பரம்பரையாக அடைபட்டுக் கிடந்த தொழில்களைத் திறப்பது எப்படி என்று தமிழகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கென அரசு ஒரு நிலையத்தைத் தொடங்கியது. தபதிகளின் குடும்பங்களில் இருந்த கல்வி, விண்ணப்பிக்கிற யாருக்கும் உரிய கல்லூரிக் கல்வியானது. தபதிகளே அங்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற கோரிக்கையிலும் இதே பாதைதான். 2007இல் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன, 2021 ஆகஸ்டில் பட்டியல் சாதியினர் உட்படப் பயிற்சி முடித்தவர்கள் பணியமர்த்தப்பட்டார்கள். கருவறைக்கே பொருந்திய நெறி தச்சுப் பட்டறைக்கு ஏன் பொருந்தாது? அர்ச்சனை பிறப்புரிமையாக இருந்ததால் அர்ச்சனைப் பயிற்சியையே மூடிவிடுவோம் என்று யாரும் சொல்லவில்லையே. மந்திரத்தைவிட மரத்தை நாம் இளக்காரமாக எண்ணியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைவேலையைக் கல்வி என்று ஏற்க மறுக்கும் மனம் சாதிப் படிநிலையின் மிக ஆழமான அடுக்கு. அது முற்போக்கின் குரலிலும் பேசும்.

எந்திரம் வந்துவிட்டது என்ற வாதம் இருக்கிறது. ஒட்டுப்பலகையும் எம்.டி.எஃப்.பும் எங்கு வெட்டினாலும் ஒரே தன்மையுடையவை. கணினி அவற்றை மனிதரைவிட நன்றாகவே வெட்டும். இன்று வீட்டு உள்வேலைக்குச் செல்லும் கையாள் கற்பது அந்தப் பலகையை அறுத்து, பெவிகால் தடவி, மைக்கா ஒட்டுவதைத்தான்; அவர் உழைப்பு மதிப்புக்குரியது, ஆனால் அதில் முழுமரத்தைப் பற்றி எதுவும் கற்க முடியாது. முழுமரத்தில் எந்திரத்துக்கு முன்னும் பின்னும் தச்சர் தேவைப்படுகிறார்: எந்தப் பலகையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, எந்திரம் விட்ட இடத்திலிருந்து முடிக்க. வெக்னரின் நாற்காலிகளைச் செய்யும் பிபி மோப்ளர் என்ற டேனிஷ் பட்டறை கணினி வெட்டும் எந்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்துகிறது. இணைப்பையும் இறுதி வடிவத்தையும் தேர்ந்த கைகளே முடிக்கின்றன. எந்திரத்தைத் தவிர்ப்பவர்கள் மட்டுமே பட்டறையை ஆதரிக்க முடியும் என்பது வெறும் தப்பெண்ணம்.

கையால் செய்தது பணக்காரர்களுக்கு மட்டும்தானே என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வேங்கையிலும் தேக்கிலும் செய்த அலமாரியின் விலை எல்லார்க்கும் எட்டாது. ஆனால் வேம்பும் வாகையும் பூவரசும் மாவும் நம் ஊர்களில் வளரும் மரங்கள். கழுந்து போட்டுச் செய்த நாற்காலியின் கால் முறிந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். சென்னையில் 2015லும் 2023லும் வெள்ளம் புகுந்த வீடுகளில் உப்பிப்போன துகள்பலகை அலமாரிகளை எந்தத் தச்சராலும் மீட்க முடியாது. பல ஆண்டு வாழ்வைக் கணக்கிட்டால் எது மலிவு என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய விடை இல்லை.

பயிற்சி கொடுத்தபின் பையன் வேறு இடம் போய்விட்டால் ஆசாரிக்கு என்ன லாபம் என்பதுதான் மிஞ்சும் வலுவான தடை. கற்பிப்பதை ஆசாரியின் தருமமாக விட்டுவைத்தால் அவர் சொந்த மகனுக்கு மட்டுமே கற்பிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே கற்பிக்கும் ஆசாரிக்கு ஆசிரியர் என்ற நிலையில் அரசு ஊதியம் தர வேண்டும், பயிலுநருக்கு உதவித்தொகை தர வேண்டும். இருவர் மூவர் உள்ள பட்டறைகளைச் சேர்த்து, பக்கத்து ஐ.டி.ஐ. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் நான்கு பேர் என்ற தடையைத் தாண்டலாம். வரைபடமும் கணக்கும் ஐ.டி.ஐ.யில், மரம் பட்டறையில் என்று வாரத்தைப் பிரிக்கலாம். ஜெர்மனியில் தச்சுப் பயிற்சி மூன்றாண்டுதான். முடிவில் பயிலுநர் தானே வடிவமைத்த ஒரு பொருளைச் செய்து காட்டித் தேர்வாகிறார். அத்தகைய தேர்வை இங்கும் வைத்தால் ஆசாரி நன்றாகக் கற்பித்தாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அரசுப் பணம் செல்லும் இடங்களில் ஆசாரியின் நெருங்கிய உறவினருக்கு இடமில்லை என்ற விதி வேண்டும். மற்ற அரசுக் கல்வி இடங்களைப்போல இடஒதுக்கீடும் வேண்டும். பெண்களுக்கென ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கும் பட்டறைகளில் அவர்களுக்குக் கழிப்பறை கட்டும் செலவையும் முதலாண்டிலேயே அந்தத் திட்டத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும்.